மலைக்கு ஓட்டை போட்டது யார்?

எரிமலை செய்யத் தெரியாத பெரியவர்களே இல்லை என்று நினைக்கிறேன். களிமண்ணைக் கூம்பாகப் பிடித்து, நடுவில் ஒரு சிறு குப்பியைப் புதைத்து, அதில் சமையல் சோடாவும் சிவப்புச் சாயமும் போட்டு வினிகரை ஊற்றினால் வேலை முடிந்தது. நுரை பொங்கி வழியும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். யாராவது ஒருவர் படம் எடுப்பார். நானும் அதைத்தான் செய்தேன். விடுமுறைக்கு வந்திருந்த தங்கையின் பிள்ளைகள் இருவர், அவர்களோடு ஒட்டிக்கொண்ட பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன். மலை, பள்ளத்தாக்கு, பீடபூமி எல்லாம் எப்படி உண்டாயின என்று மூவருக்கும் சொல்லித்தருவதாக வாய் தவறி ஒப்புக்கொண்டிருந்தேன். எளிதான இடத்தில் தொடங்குவோமே என்றுதான் எரிமலை.

நுரை அடங்கியதும் எட்டு வயதான தங்கை மகள் கேட்டாள்: "பெரியம்மா, இந்த மலைக்கு ஓட்டை போட்டது யார்?"

"யாரும் போடவில்லை. தானாக உண்டானது."

"நீங்கள்தான் போட்டீர்கள். நான் பார்த்தேன்."

எல்லோரும் சிரித்தோம். இரவில் அந்தக் கேள்வி திரும்பி வந்தது. அவள் பிடித்தது என் கையை மட்டுமல்ல, அந்த மாதிரியில் இருந்த அடிப்படைத் தவறையும்தான். என் களிமண் விளையாட்டில் மலை முதலில் வந்துவிடுகிறது; நெருப்பு பிறகு அதற்குள் குடியேறுகிறது. உண்மையில் நெருப்பு முதலில் வருகிறது. அது கக்கிப் போட்ட சாம்பலும் கல்லும் குழம்பும் குவிந்து மலையாகின்றன. துளையைச் சுற்றித்தான் மலை எழும்பியது. மலையில் யாரும் துளை போடவில்லை. இத்தனை ஆண்டுகளாக எத்தனை பிள்ளைகளுக்கு நான் இதைத் தலைகீழாகக் காட்டியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணுவதை நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அவர்களுக்குப் பரிக்குட்டின் என்ற எரிமலையின் கதையைச் சொன்னேன். மெக்சிகோவில் 1943 பிப்ரவரி 20 அன்று ஒரு உழவர் தம் சோளக்கொல்லையில் வேலை செய்துகொண்டிருந்தபோது நிலம் வெடித்துப் பிளந்தது. பிளவிலிருந்து புகையும் சாம்பலும் கிளம்பின. ஒரே நாளில் ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்துக்கு ஒரு கூம்பு எழுந்துவிட்டது. ஓராண்டில் 300 மீட்டரைத் தாண்டியது. 1952-இல் அது ஓய்ந்தபோது உயரம் 424 மீட்டர். எரிகுழம்பு அருகிலிருந்த ஊர்களை மூடியது. ஒரு தேவாலயத்தின் கோபுரம் மட்டும் கறுத்த பாறைக்கு மேலே இன்றும் நீட்டிக்கொண்டிருக்கிறது. சமமாகக் கிடந்த கொல்லையில் மலை பிறந்ததை மனிதர்கள் நின்று பார்த்த அரிய நிகழ்வு இது. பக்கத்து வீட்டுப் பையனின் கவலை வேறு: "அந்தச் சோளம் என்னவாயிற்று?"

கதைக்குப் பிறகு வினிகரைத் தொடவில்லை. உலர்ந்த மணலை ஒரு புனலில் இட்டு மெல்ல ஒழுகவிட்டோம். குவியல் உயர்ந்தது. இன்னும் இட்டோம். குவியல் பெரிதானது; ஆனால் சரிவு செங்குத்தாகவில்லை. எவ்வளவு கொட்டினாலும் பக்கவாட்டில் சரிந்து, மீண்டும் அதே சாய்வுக்கு வந்து நின்றது. உலர்ந்த மணலுக்கு இந்தச் சாய்வு ஏறத்தாழ 30 முதல் 35 பாகைக்குள் அமையும். கோணமானியை வைத்து அளக்கச் சொன்னேன். மூவரும் மூன்று விடை சொன்னார்கள், மூன்றும் அந்த எல்லைக்குள்தான் இருந்தன. பரிக்குட்டினைப் போன்ற சாம்பல் கூம்புகளின் சரிவும் இந்த அளவை ஒட்டியே இருக்கும். பாலைவன மணற்குன்றில் காற்று மறைவுப் பக்கத்துச் சரிவும் அப்படித்தான். சோளக்கொல்லை எரிமலைக்கும் காற்று குவித்த மணலுக்கும் ஒரே சட்டம். இது புனலிலும் மணலிலும் கிடைத்துவிட்டதே என்று எனக்கே வியப்பாக இருந்தது. மணலுக்குப் பதிலாக நீர்த்த களிமண் கூழை ஊற்றினால் தட்டையாகப் பரவும். ஹவாயின் மௌனா லோவா அப்படி, இளகிய குழம்பு வெகுதூரம் ஓடி உறைந்து உண்டான மலை. படுத்துக் கிடக்கும் கேடயம் போல இருக்கும்.

தங்கை மகன், பத்து வயது, குவியலைச் சுற்றி வந்துவிட்டு முகம் சுளித்தான். "மணல் மேலிருந்து விழுகிறது. உண்மையில் கீழிருந்து வர வேண்டும். இதுவும் பொய்தான், பெரியம்மா."

பொய் என்ற சொல் கொஞ்சம் சுட்டது. ஆனால் அதில்தான் பாடம் பிடிபட்டது. ஒரு பழைய நோட்டை எடுத்து, அட்டையில் 'பொய்க் கணக்கு' என்று எழுதிக் கொடுத்தேன். நாம் செய்யும் ஒவ்வொரு மாதிரியும் எதைச் சரியாகக் காட்டுகிறது, எங்கே பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். முதல் பக்கத்தில் அவன் எழுதியது: களிமண் எரிமலை, பொய் 1, ஓட்டை பெரியம்மா போட்டது.

பாடப்புத்தகங்களில் நிலத்தோற்றங்கள் பெயர்ச்சொற்களாக வந்து நிற்கின்றன. மலை என்றால் என்ன, குன்று என்றால் என்ன, பீடபூமி என்றால் என்ன என்று வரையறை, பக்கத்தில் வண்ணப்படம், கீழே கோடிட்ட இடம். தேர்வில் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் வண்டல் விசிறி என்ற சொல்லை மனப்பாடம் செய்த பிள்ளை, மழை விட்ட பிறகு சுவரோரம் ஒரு மண்மேட்டின் அடியில் அதே விசிறி விரிந்து கிடப்பதைத் தாண்டிக் குதித்துப் போய்விடுகிறது. எனக்கு இதில் எரிச்சல் உண்டு. நம் பழஞ்சொற்கள் இப்படி இல்லை. ஓடிய நீர் மணலில் விட்டுச்சென்ற வரிவரியான நெளிவுக்கு அறல் என்று பெயர் வைத்தவர்கள் குனிந்து பார்த்தவர்கள். ஆற்றின் நடுவே நீர் இரண்டாகப் பிரிந்து சூழ்ந்த திட்டுக்குத் துருத்தி. கடலோரத்தில் அலையும் காற்றும் இட்ட மணல்மேட்டுக்கு எக்கர். இந்த மூன்று சொற்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கேட்டதும் மறந்துவிட்டார்கள். தட்டில் அறலைக் கண்ட அன்று தாமாகவே நினைவுக்குக் கொண்டுவந்தார்கள்.

அந்தத் தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடிப்பக்கம் ஆழமில்லாத, நீளமான ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஒரு முனையில் நீர் வெளியேற ஒரு துளை. அதில் ஈரமணலை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, மறுமுனையை ஒரு புத்தகத்தின் கனம் மட்டும் உயர்த்தி வைத்தோம். மேல்முனையில் ஒரு மெல்லிய குழாயிலிருந்து நீர் நூல்போல ஒழுகும். துளைப் பக்கம் மணல் இல்லாத இடம், அதுதான் கடல். முதல் நாள் தட்டை அதிகமாக உயர்த்திவிட்டேன். நீர் நேர்கோட்டில் பாய்ந்து மணலை வாரிக்கொண்டு போய்த் துளையை அடைத்து, கடல் தரையில் வழிந்தது. என் தங்கை அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். மறுநாள் எங்கள் பாடம் வெளியே நடந்தது.

பிள்ளைகள் மூவரும் செய்த முதல் வேலை, விரலால் மணலில் ஆற்றைக் கீறியது. தடுத்தேன். நீருக்கு வழி சொல்லித் தராதீர்கள், அதுவே தேடட்டும் என்றேன். பிள்ளைகளுக்கு இது கடினம். நிலத்தில் உள்ளதெல்லாம் யாரோ ஒருவர் செய்துவைத்தது என்றுதான் சிறு வயதில் தோன்றும். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். மலையையும் ஏரியையும் மனிதர்கள் செய்தார்கள் என்று குழந்தைகள் அவரிடம் விளக்கினார்கள். ஆகவே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்ப்பதே ஒரு பாடம். ஐந்து நிமிடம் சும்மா இருப்பதற்கு எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி தேவைப்பட்டது. பெரியவளான எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சும்மா இருந்தபோது நீர் என்னென்னவோ செய்தது. தொடக்கத்தில் மணலின் மீது தாள்போலப் பரவியது. பிறகு ஓரிடத்தில் மெல்லிய பள்ளம் விழுந்தது. பள்ளம் விழுந்த இடத்துக்கு அக்கம்பக்கத்து நீர் வந்து சேர்ந்தது. சேர்ந்ததால் பள்ளம் இன்னும் ஆழமானது. "பணக்காரன் மேலும் பணக்காரன் ஆவது மாதிரி" என்றான் தங்கை மகன். எங்கே கேட்டானோ.

கடல் பக்கத்தில் மணலின் விளிம்பில் ஒரு சிறு அருவி உண்டானது. ஒரு நகத்தின் உயரம் இருக்கும். அது நின்ற இடத்தில் நிற்கவில்லை. விளிம்பு இடிந்து இடிந்து, அருவி பின்னோக்கி நடந்தது, ஆறு வரும் திசையைப் பார்த்து. மூவரும் வாயைப் பிளந்தார்கள். நயாகரா அருவியும் இப்படித்தான் கடந்த 12,000 ஆண்டுகளில் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் பின்னோக்கி வந்திருக்கிறது என்று அப்போது சொன்னேன். அருவி கீழே போகும், ஆனால் மேலே நகரும். முன்கூட்டியே சொல்லியிருந்தால் இந்தச் செய்தி இன்னொரு பொது அறிவுத் துணுக்காகக் காற்றில் போயிருக்கும். கண்முன்னே ஒரு நக உயர அருவி நடந்துகொண்டிருக்கும்போது சொன்னதால், "அப்படியானால் நயாகரா ஒருநாள் ஏரிக்குப் போய்ச் சேர்ந்துவிடுமா?" என்ற கேள்வி வந்தது. போய்ச் சேரலாம், அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகும் என்றேன்.

ஆற்றின் வாயில் மணல் வந்து விழுந்து விரிந்தது. நீர் அந்த மணலுக்குள் பல கிளைகளாகப் பிரிந்தது. டெல்டா. பெயரைச் சொல்லவில்லை, ஒரு பலகையைக் கொண்டுவந்து ஆற்றுக்குக் குறுக்கே செருகினேன். பலகைக்குப் பின்னால் குளம் தேங்கியது, கொண்டுவந்த மணலெல்லாம் அங்கேயே படிந்தது. கீழே தெளிந்த நீர் மட்டும் போனது. டெல்டா வளர்வது நின்றது. தட்டை லேசாக ஆட்டி அலை உண்டாக்கியதும் அதன் ஓரம் கரையத் தொடங்கியது. நைல் நதியில் 1970-இல் அஸ்வான் உயர் அணை கட்டி முடிக்கப்பட்ட பிறகு நடந்ததும் இதுதான்: வண்டல் அணைக்குப் பின்னால் தங்கிவிட, டெல்டாவின் கரையைக் கடல் அரித்துக்கொண்டிருக்கிறது. பலகையைச் செருகியது நான்தான் என்றாலும், பிள்ளைகள் அணையைக் கெட்டது என்று முடிவு கட்டக் கூடாதென்று வெள்ளத்தையும் மின்சாரத்தையும் பற்றிக் கொஞ்சம் பேசினேன். அதில் அவர்களுக்கு அக்கறை இல்லை. பலகையைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதே அவர்களின் ஆவல். பிடுங்கினார்கள். அன்றைய டெல்டா அத்தோடு போயிற்று.

தட்டு ஏமாற்றிய இடமும் உண்டு. புத்தகத்தில் ஆறு பாம்புபோல் வளைந்து வளைந்து ஓடுவதாகவும், வளைவு துண்டித்துக்கொண்டு குருட்டாறு உண்டாவதாகவும் படம் இருக்கிறது. அதைக் காட்டிவிட வேண்டும் என்று இரண்டு நாள் பாடுபட்டேன். வெறும் மணலில் அது வரவே இல்லை. கரை இடிந்து ஆறு அகலமாகும், நடுவில் திட்டுகள் எழும், நீர் அவற்றைச் சுற்றிச் சடைபின்னியதுபோலப் பிரிந்து சேரும். என் கைத்திறன் போதவில்லை என்றே நினைத்தேன். பிறகு படித்தபோது தெரிந்தது, இது ஆய்வாளர்களையே நெடுங்காலம் அலைக்கழித்த சிக்கல். 2009-இல் கலிஃபோர்னியாவில் ஒரு குழு செயற்கை ஆற்றுப்படுகையில் குதிரைமசால் என்ற தீவனச் செடியின் முளைகளை வளர்த்து, அவற்றின் வேர்கள் கரையைப் பிடித்துக்கொள்ளும்படி செய்த பிறகே வளைந்தோடும் ஆற்றைத் தக்கவைக்க முடிந்தது. ஆற்றின் நெளிவுக்குப் பின்னால் செடியின் வேர் இருக்கிறது! எந்தப் பள்ளிப் புத்தகத்திலும் நான் இதைப் படித்ததில்லை. நாங்களும் சிறு விதைகளைத் தூவி ஒரு வாரம் காத்திருந்தோம். ஒரு வளைவு வந்தது. ஒன்றே ஒன்று. அதற்குள் விதைகள் பூஞ்சை பிடித்து நாறின.

அந்த வாரம் பொய்க் கணக்கில் தங்கை மகள் எழுதிய வரி எனக்கு மிகவும் பிடித்தது: "இந்த ஆற்றுக்கு மணல் துகள் மிகப் பெரிது. உண்மையில் இது பாறை மாதிரி. இந்த ஆற்றில் வாழும் மீன் கண்ணுக்குத் தெரியாது."

மலை மடிவதைக் காட்டத் துண்டைத் தரையில் விரித்து இருபுறமும் தள்ளுவது வழக்கம். எளிது, அழகு, ஆனால் துண்டில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. நான் நிறம் நிறமான களிமண்ணை அடுக்கடுக்காக வைத்தேன். அடியிலிருந்து மூன்றாம் அடுக்கில், யாரும் பார்க்காதபோது, ஒரு சிறு கிளிஞ்சலை ஒளித்துவைத்தேன். இரண்டு பலகைகளை வைத்து இருபுறமும் மெல்ல நெருக்கினோம். அடுக்குகள் வளைந்து மேலெழுந்தன. எழுந்த முதுகை ஒரு நூலால் சீவச் சொன்னேன். மழையும் பனியும் செய்யும் வேலையை நூல் செய்தது. ஒவ்வொரு சீவலுக்கும் ஒரு நிறம் வெளியே வந்தது. நான்காவது சீவலில் உச்சியில் கிளிஞ்சல்.

"மலை மேல் கடல் எப்படிப் போனது?" என்று மூவரும் ஒரே குரலில் கேட்டார்கள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் திருட்டுத்தனமாகக் கிளிஞ்சலை வைத்தேன். எவரெஸ்ட்டின் உச்சிப் பாறை சுண்ணாம்புக்கல். ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. கடல்வாழ் உயிர்களின் எச்சங்கள் அதற்குள் இருக்கின்றன. இந்தியாவைச் சுமந்துவந்த புவித்தட்டு சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதத் தொடங்கியது. இன்னும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்ற கணக்கில் நெருக்கிக்கொண்டிருக்கிறது. கைவிரல் நகம் வளரும் வேகம். மோதல் என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளைகள் இரண்டு லாரிகளை நினைத்துக்கொள்கிறார்கள். ஆகவே சொல்லும்போது நகத்தைப் பார்க்கச் சொல்வேன். களிமண் மலையின் பொய் என்ன என்று கேட்டதற்கு, "இது உடையவே இல்லை. மலை உடையும்போதுதானே நிலநடுக்கம்?" என்றான் பையன். பூகம்பத்தைப் பற்றி நான் அதுவரை பேசியிருக்கவில்லை.

உலக உருண்டையிலும் ஒரு பொய் உண்டு. கடைகளில் கிடைக்கும் சில உருண்டைகளில் மலைத்தொடர்கள் விரலுக்குத் தட்டுப்படும்படி புடைத்திருக்கும். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டையில் 8,849 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்ட்டின் சரியான அளவு 0.2 மில்லிமீட்டர், இரண்டு தாள்களின் கனம். கணக்கைப் பையனே போட்டான். போட்டுவிட்டு நெடுநேரம் உருண்டையைத் தடவிக்கொண்டிருந்தான்.

பனியாற்றை விரைவில் முடித்தேன். வீட்டில் அது சரியாக வரவில்லை. சரளைக் கற்களோடு நீரை உறையவைத்து, அந்தப் பனிக்கட்டியைச் சோப்பின் மீது தேய்த்தால் கீறல் விழும். ஆறு குடையும் பள்ளத்தாக்கு ஆப்பு வடிவம், பனி குடைவது தொட்டி வடிவம். அப்படிப்பட்ட தொட்டிக்குள் கடல் புகுந்தால் நார்வேயின் சோக்னே ஃபியோர்டு, 1,300 மீட்டர் ஆழம். இவ்வளவுதான். பனி தன் எடையால் தானே நகர்வதைக் காட்ட எனக்கு வழி தெரியவில்லை, தள்ளுவது நம் கையாகவே இருக்கிறது. குகையும் அப்படித்தான். ஆண்டுக்கு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் வளரும் கல்விழுதைக் காட்ட, பிள்ளைகளை எங்கே உட்காரவைப்பது? வினிகரில் ஒரு சுண்ணாம்புக்கல் துண்டு குமிழிவிட்டுக் கரைவதைக் காட்டினேன். மீந்துபோன வினிகருக்கும் ஒரு வேலை ஆயிற்று.

எதிர்பாராத சண்டை ஒன்று வரைபடத்தில் வந்தது. நைல் நதி வடக்கு நோக்கி ஓடுகிறது என்றேன். "ஓட முடியாது" என்றாள் தங்கை மகள், உறுதியாக. சுவரில் மாட்டிய படத்தில் வடக்கு மேலே இருக்கிறது. நீர் மேலே எப்படி ஏறும்? சிரிக்கத் தோன்றியது, சிரிக்கவில்லை. படத்தைக் கழற்றித் தரையில் விரித்து, சுற்றி நடக்கவிட்டேன். தாளின் மேல்பக்கம் வேறு, நிலத்தின் மேடு வேறு. அப்போதுதான் எங்கள் மொழியே திசைக்குள் மேடு பள்ளத்தை வைத்திருப்பது நினைவுக்கு வந்தது. கீழ் என்பதிலிருந்து கிழக்கு, மேல் என்பதிலிருந்து மேற்கு. மேற்கில் மலையும் கிழக்கில் கடலுமாகச் சரிந்த நிலத்தில் வாழ்ந்தவர்கள் வைத்த பெயர்கள் என்பது மொழியியலாளர்கள் தரும் விளக்கம். "அப்படியானால் எகிப்தில் தமிழ் பேசியிருந்தால் வடக்குக்குத்தான் கிழக்கு என்று பெயர் வைத்திருப்பார்கள்" என்றான் அண்ணன்காரன். இதற்கு மேல் நான் என்ன சொல்லிக்கொடுப்பது.

கடைசி வாரத்தில் ஒரு காலணிப் பெட்டிக்குள் களிமண்ணால் மேடும் பள்ளமும் செய்து மூடி ஒட்டிவிட்டேன். மூடியில் வரிசையாகத் துளைகள். ஒரு குச்சியை ஒவ்வொரு துளைக்குள்ளும் விட்டு எவ்வளவு ஆழம் போகிறது என்று அளந்து, உள்ளே இருப்பதைத் தாளில் வரைய வேண்டும். திறந்து பார்க்கக் கூடாது. கடலடியை மனிதர்கள் அறிந்த விதம் இதுவே. முன்னாளில் ஈயக் குண்டு கட்டிய கயிறு, பிற்பாடு ஒலியின் எதிரொலி. அமெரிக்காவின் மேரி தார்ப் 1950-களின் தொடக்கத்தில் இந்த எண்களை வைத்துக்கொண்டு அட்லாண்டிக்கின் அடித்தளத்தை வரைந்தார். பெண்களை ஆய்வுக் கப்பலில் ஏற்றாத காலம். கப்பலில் சென்றவர்கள் கொண்டுவந்த அளவுகளை மேசையில் வைத்து வரைந்தார். கடலின் நடுவே ஓடும் மலைத்தொடரின் முதுகில் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு இருப்பது அவர் கோடுகளில் தெரிந்தது. உடன் பணியாற்றியவர் முதலில் நம்பவில்லை. நம்பினால், கண்டங்கள் நகர்கின்றன என்று 1912-இல் ஆல்ஃபிரட் வெகனர் சொல்லிக் கேலிக்கு ஆளான கருத்தை ஏற்க வேண்டியிருக்கும். தார்ப் மறுபடியும் வரைந்தார். பள்ளத்தாக்கு மறுபடியும் அதே இடத்தில் வந்தது. உலகின் மிக நீளமான மலைத்தொடர் இதுதான், எல்லாக் கடல்களிலுமாகச் சேர்ந்து ஏறத்தாழ 65,000 கிலோமீட்டர்.

பிள்ளைகள் வரைந்து முடித்ததும் பெட்டியைத் திறந்தேன். இரண்டு துளைகளுக்கு நடுவே நான் வைத்திருந்த ஒரு கூரிய சிகரம் யாருடைய படத்திலும் இல்லை. தங்கை மகளுக்குக் கோபம். "குச்சி போகாத இடத்தில் ஒளித்துவைத்தால் எப்படி?" என்றாள். நோட்டில் ஒரு முழுப் பக்கம் எழுதினாள். அதில் என்னைப் பற்றியும் இரண்டு வரி இருந்தது.

காலத்தைத்தான் கடைசிவரை தள்ளிப்போட்டேன். எந்த மாதிரியும் அதில் தோற்றுவிடுகிறது: தட்டில் ஆறு பத்து நிமிடத்தில் பள்ளம் பறிக்கிறது, களிமண் மலை மூன்று நிமிடத்தில் எழுகிறது. பத்து லட்சம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு 46 மீட்டர் கயிற்றை அளந்தோம். பூமியின் வயது ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகள். வாசலிலிருந்து புறப்பட்டு வீட்டைச் சுற்றி வந்து, பின்சுவரில் முட்டி நின்றது கயிறு. பின்சுவர்தான் இன்று. டைனோசர்கள் அழிந்தது சுவரிலிருந்து 66 சென்டிமீட்டரில். இமயம் எழத் தொடங்கியது 50 சென்டிமீட்டரில். மனித இனம் தோன்றி 3 மில்லிமீட்டர்.

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு கயிற்றில் எங்கே என்று தங்கை மகன் கேட்டான். நான் இரண்டு காகிதத் துண்டுகளைக் கட்டினேன். ஒன்று சுவரிலிருந்து 18 மீட்டரில், இன்னொன்று 6 சென்டிமீட்டரில். அந்தப் பள்ளத்தாக்கின் அடியில் கிடக்கும் பாறைகளின் வயது ஏறத்தாழ 180 கோடி ஆண்டுகள். கொலராடோ ஆறு அதைப் பெரும்பாலும் குடைந்து முடித்ததோ கடந்த 50, 60 லட்சம் ஆண்டுகளில். "எது சரியான வயது?" என்றான். இந்த நாற்காலியின் வயது என்ன, மரத்தின் வயதா, தச்சர் இழைத்த நாளா என்று திருப்பிக் கேட்டேன். பெரியவர்களில் பலரும் இங்கே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அவன் நாற்காலியைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இரண்டும் வேண்டும். இல்லாவிட்டால் தச்சரை விட்டுவிடுவோம்" என்றான்.

பக்கத்து வீட்டுப் பையன், வந்த நாளிலிருந்து குறைவாகவே பேசியவன், கயிற்றின் முனையில் குந்தியிருந்தான். பொய்க் கணக்கு அன்று அவன் முறை. எழுதிக் காட்டினான்: "சுவர் இருப்பதால் கயிறு முடிந்துவிட்டது."

பிறகு கேட்டான், மனிதர்கள் எழுதத் தொடங்கிய காலம் கயிற்றில் எவ்வளவு வரும், அத்தை? ஐயாயிரம் ஆண்டுகளுக்குச் சற்று மேல் என்று வைத்துக் கணக்கிட்டேன். ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய அடையாளம் எந்தப் பேனாவாலும் வைக்க முடியாது, ஒரு தலைமுடியின் பருமன் ஏறத்தாழ அவ்வளவு இருக்கும் என்றேன். சொல்லி வாயை மூடுவதற்குள் தங்கை மகள் என் தலையிலிருந்து ஒன்றைப் பிடுங்கிவிட்டாள். அதுவும் நரைத்ததாகப் பார்த்து. சுவரருகே கயிற்றின் முனையில் பசை தடவி ஒட்டினார்கள். இரண்டு நாள் கழித்துப் பிள்ளைகள் ஊருக்குப் போன பிறகும் கயிற்றை நான் அவிழ்க்கவில்லை.